மிளகாய்க் காப்பு

"நாகம்மாக்கா, அந்த மூஞ்சியக் கழுவுனீங்களா?"

"எந்த மூஞ்சி?"

"அதானுங்க, முத்தத்து நடுவுல நிக்குதே."

நாகம்மா துடைப்பத்தைத் தரையில் தட்டி நிமிர்ந்தாள். "ஐயே! அத்த நான் இன்னாத்துக்குக் கழுவப் போறேன்? கிட்டப் போவாதேன்னு செகரெட்ரி சங்கிலி கட்டி உட்டுகீறாரு. பெருக்கறது, மாப்பு போடறது, அதான் என் வேல. மூஞ்சி கழுவி, பௌடர் போட்டு, பொட்டு வச்சி உடறதுக்கெல்லாம் வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு."

"ராத்திரி மழ பேஞ்சுதுங்களா?"

"மாசி மாசத்துலயா? நல்லா கேட்ட போ. தொண்ட வறண்டு நானே சாவறேன்."

அருள்மொழி மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால், நீ ஏன் கேட்கிறாய் என்று அவள் திருப்பிக் கேட்பாள். நேற்று வெள்ளிக்கிழமை, பால் பாக்கெட் வருவதற்கு முன்பே எழுந்து, ஊறவைத்திருந்த மிளகாயைப் பால்கனியில் கிடக்கும் சின்ன அம்மியில் மைபோல அரைத்து, கிண்ணத்தில் வழித்துக்கொண்டு வந்து, அந்த வெண்கல முகத்தில் மேலிருந்து கீழ்வரை அப்பிவிட்டுப் போனவள் அவள்தான். கை இன்னும் எரிந்தது. நகக்கண்ணில் சிவப்பு அப்படியே இருந்தது. முகத்தில் மட்டும் ஒரு பொட்டுச் சிவப்பில்லை. காய்ந்து உதிர்ந்திருந்தால் கீழே பொருக்கு கிடக்க வேண்டும். யாராவது கழுவியிருந்தால் மடிப்புகளுக்குள் கொஞ்சமாவது தங்கியிருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை. கறுப்பும் பச்சையுமாக, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த உடம்புபோல ஒரு மினுமினுப்போடு நின்றது அது.

முகம் என்று சொல்வதுகூட ஒரு பேச்சுக்குத்தான். ஆள் உயரத்துக்கும் மேலே, யாரோ கோபத்தில் ஒரு வெண்கலத் தகட்டைக் கசக்கி, பிறகு மனசு கேட்காமல் பிரித்துப் பார்த்துப் பாதியில் விட்டதுபோல இருக்கும். நடுவில் மூக்கு என்று நினைத்துக்கொள்ள ஒரு முகடு. அதற்கு இரண்டு பக்கமும் குழி, கண் கிடையாது. கீழே வழவழவென்று ஒரு சரிவு, வாய் கிடையாது. வீடுகளைக் கட்டி விற்ற கம்பெனி எங்கோ ஒரு சிற்பியிடம் சொல்லிச் செய்து வாங்கி, முற்றத்தின் நடுவே மேடை கட்டி நிறுத்தியது. "பார்க்கிறவங்க அவங்கவங்க முகத்தை இதுல பார்த்துக்கலாம்" என்று திறப்பு விழாவில் ஒருவர் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். குழந்தைகள் அதற்குக் 'கசங்கின மாமா' என்று பெயர் வைத்தார்கள்.

அவள் மகன் விஷால் மட்டும்தான் அதைக் கட்டிப்பிடிப்பான். பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கியதும் புத்தகப் பையோடு ஓடிப்போய், இரண்டு கையையும் விரித்து, கன்னத்தை அதன் கன்னத்தில் வைப்பான். "அம்மா, மாமா ஜில்லுன்னு இருக்காரும்மா."

அப்படிக் கட்டிப்பிடித்துத்தான் செத்தான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழா. பிசுபிசுவென்று மழை. முகத்தின் அடியில் தரையோடு பதித்திருந்த நாலு விளக்குகளும் அணைந்து அணைந்து எரிந்தன. ஒவ்வொரு தடவையும் மேடை, மைக் எல்லாமே சேர்ந்து செத்தன. பிறகு அணையவே இல்லை. ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. அடுத்த பாட்டுக்கு ஆடக் காத்திருந்த விஷால், கிரீடமும் பட்டுத் துணியுமாக, நனைந்த காலோடு ஓடிப்போய் மாமாவைக் கட்டிக்கொண்டான். கட்டின கையை எடுக்கவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்தார்கள். யாரோ போட்டோகூட எடுத்தார்கள். பாட்டு முடிகிறவரை கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது.

மின்சாரம் கசிந்தால் தானே விழுந்துவிடுகிற சுவிட்ச் அங்கே இருந்தது. அது விழுந்துகொண்டேதான் இருந்தது. யாரோ அதைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். யார்? அதை மட்டும்தான் அருள்மொழி கேட்டாள். போலீஸ் விபத்து என்றது. செகரெட்டரி வீராசாமி எலக்ட்ரீஷியன் தப்பு என்றார். எலக்ட்ரீஷியன் சந்தோஷ் அதற்குப் பிறகு வேலைக்கே வரவில்லை. சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் கூப்பின கைகளாகக் குவிந்தன. அன்று இரவே, அந்தக் கைகளுக்குக் கீழே, 'என் பார்க்கிங்கில் நிற்கும் வெள்ளைக் கார் யாருடையது? உடனே எடுக்கவும்' என்று ஒருவர் போட்டிருந்தார். அதை அவள் அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

விழாக் கமிட்டியில் இருந்த அவள் புருஷன் நிர்மல்கூடச் சொன்னது ஒன்றுதான். "விடு அருளு. யாரைன்னு சொல்றது? சொன்னா போனவன் வந்துருவானா?"

அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததிலிருந்து அருள்மொழி அவன் முகத்தை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. சோறு வைப்பாள், தட்டைப் பார்ப்பாள். சட்டை மடிப்பாள், பித்தானைப் பார்ப்பாள். அவன் ஒரு அறை, அவள் ஒரு அறை. ஒரே கூரைக்கடியில் இத்தனை மாதம் ஒரு ஆளின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியுமா என்றால், கோபம் இருந்தால் முடியும்.

பொள்ளாச்சிப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும் பிறந்த சீமையில் ஒரு வழக்கம் உண்டு. அநியாயம் நடந்து, கேட்க நாதியில்லை என்றால், அம்மனிடம் போவார்கள். அங்கேயே கிடக்கிற கல்லில் மிளகாய் அரைத்து அவள்மேல் பூசிவிட்டு வருவார்கள். இன்னாரென்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. எரிச்சல் தாங்காமல் அவளே தேடிப் பிடிப்பாள். நியாயம் கிடைத்ததும் மறக்காமல் திரும்பிப் போய், எண்ணெய் தேய்த்து, பாலும் இளநீரும் ஊற்றிக் குளிரவைத்துவிட வேண்டும். குளிரவைக்காமல் விட்டால் அந்த எரிச்சல் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

ஊருக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். "படிச்சவ மாதிரிப் பேசு" என்றான் நிர்மல், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

சரி. படித்தவர்கள் பார்த்துக் கைதட்டின சாமிதான் இங்கேயே நிற்கிறதே.

"நீதான் கொன்னே" என்றாள் அருள்மொழி, முதல் வெள்ளிக்கிழமை, விடியாத கருக்கலில், சங்கிலியைத் தாண்டி நின்று. "ஆனா நீயா கொல்லல. உனக்குள்ள கரண்ட்ட உடச் சொன்னவன் எவன்? நீ அங்கியே நின்னுட்டிருந்தே. உனக்குத் தெரியும். கண்ணில்லேன்னு ஏமாத்தாத. அவன் மூஞ்சி எரியோணும்."

பூசினாள். அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் பூசினாள்.

இந்தத் தடவை கையை எடுக்காமல் நின்றாள். விடிவதற்கு முன்னால் எல்லா இரும்பும் கல்லும் குளிர்ந்து கிடக்கிற நேரம். பெங்களூர் சாலையில் லாரிகள் போகிற இரைச்சல் சுவர்களில் பட்டுப் பட்டு முற்றத்துக்குள் இறங்கி, கடலோரத்தில் நிற்பதுபோல ஒரு மயக்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. அவள் உள்ளங்கைக்கடியில் வெண்கலம் வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரன் நெற்றிபோல. மிளகாய் விழுது அவள் விரல்களுக்கு நடுவே மெல்ல மெல்லக் குறைந்தது. வழியவில்லை. உலரவில்லை. உள்ளே போனது. வறண்ட மண் தண்ணீரைக் குடிப்பதுபோல, சத்தமில்லாமல், அவசரமில்லாமல், அது குடித்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரல் நுனிகள் ஒட்டிப் பிரிந்தன.

மாடிக்கு எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றபோது உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நிர்மலின் குளியலறையில் குழாய் திறந்திருந்தது. அள்ளி அள்ளி அடிக்கிற சத்தம். நிறுத்தாமல். பிறகு அவன் போனில் யாரிடமோ பேசினான், தாழ்ந்த குரலில்: "கேமரா ஆன் பண்ணலீங்க. முகத்துல கொஞ்சம் அலர்ஜி."

வேலைக்குப் போகாமல் படுத்துக்கொள்ள இது ஒரு சாக்கு என்று அவள் நினைத்தாள்.

"இன்னாமா, அது தோசக்கல்லு கணக்கா சுடுது" என்றாள் நாகம்மா, அதே வாரத்தில், வாளியைத் தூரமாக வைத்துவிட்டு. "நான் ஒண்ணும் தொடல. மைனா ஒண்ணு மேல குந்திச்சி. கத்திகினு எகிறிப் போச்சு. கால ஒதறிகினே போவுது பாவம்."

"வெயில்லதானுங்க நிக்குது."

"நெழல்ல நிக்கசொல்லோ சுடுதுன்றேன். நீ வேற." நாகம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இந்த எடத்துல முட்டி வரிக்கும் தண்ணில நின்னு நாத்து நட்டவ நானு. பாம்பு பாத்துகீறேன், பொணம் மெதந்து பாத்துகீறேன். இந்த நாத்தம் பாத்ததில்ல. மொளகா வறுத்தா மேரி கீது. உனுக்கு வரல?"

அருள்மொழிக்கு எப்போதும் வந்துகொண்டிருந்தது. தலையணையில் வந்தது. குடிக்கிற தண்ணீரில் வந்தது.

"அது புருவத்தப் பாரு" என்றாள் நாகம்மா.

"அதுக்கேதுங்க புருவம்?"

"பாருன்றேன்."

இடது குழிக்கு மேலே, நேற்றுவரை வழவழவென்று இருந்த இடத்தில், ஒரு கோடு. கோணலாக, நடுவில் சின்னதாக ஒரு முடிச்சோடு. கீறல் இல்லை. கீறல் என்றால் உள்ளே இறங்கியிருக்கும். இது தோல் வெட்டுப்பட்டுத் தைத்து ஆறினதுபோல மேடாக எழும்பியிருந்தது.

"நம்ம சந்தோஷு கம்பத்துலேந்து உழுந்தானே, அவன் புருவத்துல இதே தழும்பு கீது. இதே மேரி முடிச்சோட" என்றாள் நாகம்மா. சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். "அவன் படுத்த படுக்கையா கீறானாம், நெமிலிச்சேரில. மூஞ்சி எரியுது எரியுதுன்னு பக்கெட்டுக்குள்ள தலைய உட்டுகினே கீறானாம். அவன் பொண்டாட்டி சொல்லி அயுதா."

அருள்மொழிக்கு முதலில் வந்தது பயமில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் குபுக்கென்று எழும்பியது. எரியட்டும். அப்புறம்தான் பயம் வந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவள் பூசப் போகவில்லை. போகக்கூடாது என்று இருந்தாள். விடிந்து, குழந்தைகள் வேனுக்குப் போய், முற்றம் காலியான பிறகு, பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். காலை வெயில் சாய்வாக விழுந்திருந்தது. சரிவாகக் கிடந்த அந்தக் கீழ்ப்பாதியில், வாய் இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே, ஒரு சின்ன நிழல் தேங்கி நின்றது.

இறங்கி ஓடினாள். செருப்பில்லாமல்.

மோவாய். நடுவில் ஒரு குழி. சுண்டுவிரல் நுனி போகிற அளவு.

விஷாலுக்கு இருந்த குழி. எண்ணெய் தேய்க்கும்போது அதில் ஒரு சொட்டு தேங்கும். "கிணத்துல தண்ணி இருக்கா?" என்று கேட்டு அவள் விரலால் தொடுவாள், அவன் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பான்.

"கண்ணு" என்றாள். "கண்ணு. நீயா? உள்ள இருக்கியா?"

மத்தியான வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மேல் வீடுகளிலிருந்து யார் யாரோ எட்டிப் பார்த்தார்கள். வீராசாமி வந்து, "மேடம், ப்ளீஸ், உள்ளே போங்க, விசிட்டர்ஸ் வர்ற நேரம்" என்றார். அவர் கண் கலங்கிச் சிவந்திருந்தது. மிளகாய் நெடி தாங்காமல் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"எம் பையன் வர்றான் செகரெட்ரி சார்" என்றாள் அருள்மொழி. "நீங்க போங்க."

அதன் பிறகு வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. தினமும் அரைத்தாள். தினமும் பூசினாள். அது தினமும் குடித்தது. பூசப் பூசக் கீழ்ச்சரிவில் ஒரு மடிப்பு எழுந்தது, இரண்டானது, உதடாகத் திரண்டது. அவள் வீட்டுக்கு வருவதும் போவதுமாக இருந்தாள். உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. மேஜையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. நிர்மல் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். அவளுக்கு அதைப் பற்றி நினைக்க நேரமில்லை. பையன் வந்துகொண்டிருந்தான். ஆனால் அவனைக் கொன்றவன் எவன் என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவனை வா என்று எப்படிக் கூப்பிடுவது? வந்ததும் கேட்பானே.

நெமிலிச்சேரிக்குப் பஸ் ஏறினாள்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் சந்துக்குள் வீடு. கதவைத் திறந்தவள் யுவராணி, சந்தோஷின் பெண்டாட்டி. யாரென்று தெரிந்ததும் அவள் முகம் கடுத்தது.

"திட்டறதுக்கு வந்துகீறீங்களா? திட்டிட்டுப் போங்க. எத்தினி ஆஸ்பத்திரி பாத்தாச்சு. ஒரு கொப்புளம் இல்ல, ஒரு செவப்பு இல்ல, ஒண்ணுமில்லன்றான். ஆனா எரியுதாம்."

சந்தோஷ் தரையில் உட்கார்ந்திருந்தான். எதிரே வாளி. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அருள்மொழி அவன் இடது புருவத்தைத் தேடினாள். தழும்பு இல்லை. புருவமே இல்லை. கூழாங்கல்போல வெறும் தோல்.

"யாருப்பா சொன்னது?" என்றாள். "அத ஒண்ண மட்டும் சொல்லிரு."

"நான் முடியாதுன்னேன்க்கா." குரல் நீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "ட்ரிப்பு ஆவுதுன்னா எங்கியோ ஒழுவுதுன்னு அர்த்தம். நாலு வெளக்கையும் கயட்டிப் பாக்கணும், கொஞ்சம் டைம் குடுங்கோன்னேன். ப்ரோக்ராம் ஓடிகினு கீது, டைம் இல்ல, டைரக்டா குடு, நான் பாத்துக்கறேன்னாரு. குடுத்தேன். எங் கைதான் குடுத்துச்சு. அத்த இல்லேன்னு சொல்லல."

"வீராசாமியா?"

"அவரு மழ வந்ததுமே மேல ஊட்டுக்குப் போய்ட்டாருக்கா."

"பின்ன யாரு?"

அவன் யுவராணியைப் பார்த்தான். யுவராணி சுவரைப் பார்த்தாள்.

"உங்க ஊட்டுக்காரருதான்க்கா."

வெளியே ஒரு மின்சார ரயில் போனது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன.

"மறுநா இங்க வந்து எங் கையப் புடிச்சிகினு அயுதாரு. யார்கிட்டயும் சொல்லிடாதே, அவ என்னக் கொன்னுடுவான்னாரு. புள்ளயப் பறிகொடுத்த மனுசன். எப்படிக்கா சொல்றது?"

"சொல்லாத இருந்தீல்ல?" என்றாள் அருள்மொழி. "எரியட்டும்."

வீடு திரும்ப, பூந்தமல்லி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். புழுதி, ஹாரன், மெட்ரோ தூண்களுக்குக் கீழே தேங்கி நிற்கிற வண்டிகள், கண்டக்டர் யாரையோ "உள்ள போ, உள்ள போ, படிய உட்டு ஏறு" என்று விரட்டுகிற சத்தம், எல்லாம் அவளைத் தொடாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போயின. நான் பாத்துக்கறேன் என்றிருக்கிறான். பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கை தட்டினவர்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சுடுகாட்டில் பார்த்தான். போலீஸ் கேட்டபோது பார்த்தான். அவள் ஒவ்வொரு வாசலாகப் போய் யார் யார் என்று கேட்டபோதெல்லாம் பக்கத்தில் நின்று, செருப்பைப் பார்த்தான். யாரைன்னு சொல்றது.

அப்போதுதான் அது தோன்றியது.

அந்தக் குழி. மோவாயில்.

விஷாலுக்கு அது எங்கேயிருந்து வந்தது?

பிறந்தன்றே நர்ஸ் சொன்னாள். குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள். அப்பா மோவாய், அச்சு அசல்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாள். வெளிச்சம் போடவில்லை. உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. குளியலறை வாசலில் தண்ணீர் தேங்கி நின்றது. நிர்மல் ஜன்னலோரம் அதே நாற்காலியில், தலையில் ஈரத்துண்டோடு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தெருவிளக்கின் மஞ்சள் அவன் தோளில் மட்டும் பட்டது.

"ஏனுங்க."

தோள் அசைந்தது.

"திரும்புங்க."

திரும்பவில்லை.

"நான் உங்க மூஞ்சியப் பாக்கோணும். இத்தன நாளா பாக்கலீல்ல. திரும்புங்க."

துண்டை எடுத்தான். திரும்பினான்.

குளியலறையில் கடைசித் துண்டாகத் தேய்ந்த சோப்பு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. மூக்கு இருந்த இடத்தில் ஒரு மேடு, அதில் ஊசி குத்தினாற்போல் இரண்டு ஓட்டை. அவற்றின் வழியாக மூச்சு விசில் அடித்தது. கண் இருந்த இடத்தில் தோலுக்குக் கீழே ஏதோ உருண்டது. அவள் நின்ற பக்கம் உருண்டு நின்றது. வாய் இல்லை. மோவாயில் குழி இல்லை. வழவழப்பு. வெறும் வழவழப்பு.

அருள்மொழி கத்தினாளா என்று தெரியவில்லை. சுவரில் முதுகு இடித்தது தெரிந்தது.

அவன் எழுந்தான். தடவித் தடவிச் சமையலறைக்குப் போனான். ஃப்ரிட்ஜ் திறக்கிற சத்தம். திரும்பி வந்து அவள் கையைத் தேடிப் பிடித்து, ஒரு பால் பாக்கெட்டை அதில் வைத்து அழுத்தினான். அவனும் அதே சீமைதான். மிளகாய் வாசம் எதற்கென்று அவனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் முன்னால் மண்டி போட்டான். கை கூப்பினான்.

பாக்கெட் ஜில்லென்றிருந்தது. அவள் இறங்கிப் போனாள்.

முற்றத்தில் யாருமில்லை. சுற்றிலும் வீடுகளில் டிவி ஓடியது, குக்கர் விசில் அடித்தது. முகம் இருட்டில் தகதகவென்று நின்றது. கிட்டப் போகப் போக அனல். இப்போது அதற்குக் கண் இருந்தது. இமை இருந்தது. மூடின இமைக்குள் துடிப்பு. புருவத்தில் தழும்பு. உதடு இரண்டும் பிதுங்கி, வெடிப்பதற்குத் தயாராக.

அவள் மகனில்லை. வரவே இல்லை அவன்.

பாக்கெட்டின் முனையைப் பல்லால் கடித்தாள். ஒரு சொட்டு வெண்கலத்தில் விழுந்தது. சுர்ரென்றது.

உதடு பிரிந்தது.

"ஊத்து" என்றது. நிர்மலின் குரல். உலோகத்துக்குள்ளிருந்து, வெகு ஆழத்திலிருந்து. "அருளு. எரியுது. ஊத்து."

அவள் உடனே ஊற்றவில்லை.

"சொல்லுங்க மொதல்ல" என்றாள். "ஒரே ஒரு தடவ. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. யாரு சொன்னது டைரக்டா குடுன்னு? சொன்னீங்கன்னா ஊத்தீர்றேன். சத்தியமா ஊத்தீர்றேன். யாரு?"

உதடு அசைந்தது. திறந்தது. மூடியது. உள்ளே நாக்கு புரள்வது தெரிந்தது. பாலைத் தூக்கிப் பிடித்தபடி அவள் காத்திருந்தாள். இவ்வளவு நாளும் இதற்காகத்தான் காத்திருந்தாள்.

"எல்லாருந்தான்" என்றது அது. "எல்லாருந்தான் சொன்னாங்க அருளு. நான் என்ன பண்றது? ப்ரோக்ராம் நின்னுருமேன்னு..."

அருள்மொழி கையை இறக்கினாள்.

பாக்கெட்டின் முனையை விரலால் முறுக்கி மூடினாள். திரும்பி நடந்தாள்.

"அருளு!" என்றது பின்னால். "அருளு!"

வீட்டுக்கு வந்தாள். மண்டி போட்டிருந்தவன் எழுந்து மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். பாலை ஃப்ரிட்ஜில் வைத்தாள். பால்கனி விளக்கைப் போட்டு, அம்மியைக் கழுவி, மிளகாயை எடுத்தாள். இருந்த அத்தனையும் எடுத்தாள். கீழே அலறல் தொடங்கியிருந்தது. மணி அடித்து ஓயும்போது வருகிற ரீங்காரம்போல, நீளமாக, மூச்சே எடுக்காமல். சுற்றிலும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. போன் மினுங்கியது. குழுவில் ஒருவர் போட்டிருந்தார்: 'முற்றத்தில் என்ன சத்தம்? பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். ப்ளீஸ்.' அதற்குக் கீழே கட்டைவிரல்கள் எழுந்துகொண்டிருந்தன.

அரைத்தாள். கை எரியவே இல்லை. குளுகுளுவென்றிருந்தது.

மேல் வீட்டில் ஒரு குழாய் திறந்தது. அள்ளி அள்ளி அடிக்கிற சத்தம். அப்புறம் எதிர் வீட்டில். அப்புறம் அதற்குப் பக்கத்தில். அப்புறம் வீராசாமி வீட்டில். சுவர்களுக்குள் குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விம்மின.

அவள் கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சோற்றைச் சுடவைத்தாள். தட்டில் போட்டு, ரசம் ஊற்றி, ஓரத்தில் அப்பளம் வைத்து, கொண்டுபோய் மேஜையில் அவன் முன்னால் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, கண்ணை எடுக்காமல் அவன் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

தோலுக்குக் கீழே இரண்டு உருண்டைகளும் தட்டுக்கும் அவளுக்குமாக அலைந்தன.

"சாப்பிடுங்க" என்றாள். "ஆறீரப் போகுது."